அச்சில் இறுகிய சக்கரக் குடத்தைக் கழற்றும் முறை

காவிரிப் பாசனப் பகுதியில் மேட்டூர் அணை ஜூன் மாதம் 12ஆம் தேதி திறக்கப்படுதல் நெடுநாளைய வழக்கமாகும். 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அவ்வணையில் நீரிருப்புக் குறைந்த ஆண்டுகளில் அத்தேதி தள்ளிப்போவதும், 2022ஆம் ஆண்டிற்போல மே மாதத்திலேயே மதகுகள் திறக்கப்படுவதும் உண்டு. எந்நாளில் திறக்கப்படினும், தண்ணீர் கல்லணையை அடைந்து, காவிரியிலும் வெண்ணாற்றிலும் பிரிந்து, கிளை வாய்க்கால்களில் இறங்கிய பின்னர்க் குடியானவருக்குக் கிடைக்கும் நாட்கள் சிலவே. நாற்றங்கால் ஒருபுறம் வளர்ந்துகொண்டிருக்க, மறுபுறம் நடவு வயலைச் சேறாக்கி முடித்தல் வேண்டும். குறுவை நாற்று வயது முற்றிவிடின் தூர் கட்டுதல் குறையும். குறுவை அறுவடைக்கும் தாளடி நடவுக்கும் இடையேயுள்ள காலமோ இதனினும் குறுகியது; வடகிழக்குப் பருவமழை முந்திக்கொண்டால் அவ்விடைவெளியும் இல்லாமற் போகும்.

இத்தகைய நாட்களிலேதான் பவர் டில்லரின் ரப்பர்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சேற்றுக்குரிய கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரத்தைப் பூட்டவேண்டிய தேவை நேரிடுகிறது. முளையை எடுத்தாயிற்று, போல்ட்டைத் தளர்த்தியாயிற்று. ஆயினும் சக்கரத்தின் நடுக்குடம் அச்சைவிட்டு ஒரு நூலளவும் அசைவதில்லை. சென்ற பருவத்தின் இறுதியில் சேற்றுடன் கொட்டகையில் நிறுத்தப்பட்ட யந்திரத்தில் இது பெரும்பாலும் நேரிடுவதாகும். உடனே சம்மட்டி வரவழைக்கப்படுகிறது. அரைமணி நேரத்தில் அச்சின் முனை காளான்போற் பூத்துவிடுகிறது. பின்னர் அக்குடம் எத்துணை முயன்றாலும் அம்முனையைக் கடந்து வெளிவர இயலாது. அடியின் அதிர்ச்சி அச்சு வழியே உட்சென்று பேரிங்கில் தழும்பு உண்டாக்குகிறது; கியர்ப் பெட்டியின் வார்ப்பிரும்பு ஓடு விரிசல் காண்பதும் உண்டு. சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரம் ரூபாயை விழுங்குவதோடு, உழவுக்குரிய வாரமும் கைவிட்டுப் போகிறது. இந்நஷ்டம் முற்றிலும் தவிர்க்கத்தக்கது.

இறுகுவதன் காரணம்

குடத்தின் துளைக்கும் அச்சுக்கும் இடையே விடப்படும் இடைவெளி மிக நுண்ணியது. சேற்று நீர் அதனுள் புகுந்து உலர்ந்ததும் இரும்பு துருவேறுகிறது. துருவானது தான் தோன்றிய இரும்பைப்போல் இரண்டு மடங்கிற்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும் தன்மையது. எனவே இடைவெளி முழுவதும் நிரம்புவதோடு, குடமும் அச்சும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்கும் நிலை உண்டாகிறது. ஆப்பு அடித்து இறுக்கியதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

கடைமடைப் பகுதிகளில் இத்தொல்லை இரட்டிப்பாகும். வேதாரணியம், திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் ஆகிய இடங்களைச் சார்ந்த கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்புடையதாதலின், அந்நீரால் யந்திரத்தைக் கழுவுவதே துருவுக்கு வித்திடுவதாகும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலையிலும், 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி கரையைக் கடந்த கஜா புயலிலும் போலக் கடல்நீர் உட்புகுமாயின், அதில் நனைந்த யந்திரத்தை நன்னீரில் அலசி, சக்கரங்களைக் கழற்றி மசகிடாமல் விடுதல் கூடாது. உப்பு எஞ்சிய இடத்தில் காற்றின் ஈரமே துருவை வளர்க்கப் போதுமானது.

துருவன்றி வேறு இரு காரணங்களும் உள. அச்சு வளைந்திருத்தல் ஒன்று. முளைத்துளையின் ஓரத்திலோ, கீ எனப்படும் சாவிக்கட்டையின் பள்ளத்திலோ பிசிறு எழும்பியிருத்தல் மற்றொன்று. சக்கரத்தை ஜாக்கியில் உயர்த்திச் சுழற்றிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். பிசிறை அரத்தால் தேய்த்து நீக்கலாம். இவ்விரண்டும் இல்லையெனத் தெளிந்த பின்னரே துருவைக் குற்றவாளியாகக் கொள்ள வேண்டும். முளை முழுவதும் வெளிவந்ததா, அதன் பாதி முறிந்து உள்ளேயே நிற்கின்றதா என்பதையும் விளக்கு வெளிச்சத்தில் நோக்குதல் நலம். முறிந்த முளையொன்று உள்ளே இருக்க, இரண்டு நாள் எண்ணெயும் நெருப்பும் வீணாக்குவோர் பலர்.

வேலை துவங்குமுன்

யந்திரத்தை வயலினின்றும் வெளியேற்றி, கெட்டியான தரையில் நிறுத்த வேண்டும். வயலிலேயே கழற்ற நேரிடின், ஜாக்கியின் அடியில் அகன்ற பலகைகளை இரண்டடுக்காக இடுதல் வேண்டும். டெல்டாவின் களிமண் மேலே காய்ந்து தோன்றினும் பாரம் ஏறியவுடன் அமிழ்ந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் யந்திரத்தின் கீழ்க் கையையோ காலையோ நீட்டலாகாது. கெட்டி மரக்கட்டைகளை அடுக்கி, பாரத்தை அவற்றின்மேல் இறக்கிய பின்னரே வேலை தொடங்க வேண்டும். எஞ்சிய சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைகட்டை வைக்க வேண்டும். டிராக்டரின் பின்சக்கரத்தில் பாரத்திற்காக நீர் நிரப்பியிருப்பின், அஃது இருவர் தாங்கும் எடையன்று. கவிழ்ந்தால் ஆளை நசுக்கிவிடும்.

எண்ணெய்

பழுதுபார்ப்பதில் மிக மலிவானதும் மிகக் குறைவாக மதிக்கப்படுவதும் எண்ணெயே. மண்ணெண்ணெய் தனியே மெல்லிய சந்துகளில் எளிதிற் புகும். ஆனால் விரைவில் ஆவியாகிவிடும். மோட்டார் எண்ணெய் நின்று மசகிடும். ஆனால் எளிதில் உட்புகாது. இரண்டையும் கலந்து உபயோகித்தலே ஏற்றது. கடைகளில் துரு நீக்கும் திரவம் குப்பிகளில் கிடைக்கிறது, அதுவும் நன்றே.

முதலில் குடமும் அச்சும் கூடும் வாயிலுள்ள காய்ந்த சேற்றையும் வண்ணப்பூச்சையும் கம்பித் தூரிகையாற் சுரண்டி, உலோகம் தெரியச் செய்ய வேண்டும். சேற்றின்மேல் ஊற்றிய எண்ணெய் சேற்றிற்கே பயன்படும். இயலுமாயின் யந்திரத்தை ஒருபுறம் சாய்த்து நிறுத்தி, கூடுவாய் மேல்நோக்கியிருக்குமாறு செய்தால் எண்ணெய் தானே இறங்கும். இயலாவிடின் எண்ணெயில் நனைத்த துணியைக் கூடுவாயைச் சுற்றிக் கட்டிவைக்கலாம். முளைத்துளையின் வழியாகவும் எண்ணெய் விடுக. காலையும் மாலையும் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு முறையும் குடத்தின் பக்கங்களைச் சிறு சுத்தியால் சுற்றிலும் மெல்லத் தட்டிவர வேண்டும். இவ்வதிர்வினால் துருவில் மயிரிழை போன்ற வெடிப்புக்கள் தோன்றி எண்ணெய்க்கு வழிவிடும். குறைந்தது இரண்டு இரவுகள் இங்ஙனம் விடத்தக்கன. அணை திறக்கும் செய்தி வந்தபின் இவ்விரண்டு இரவுகளும் கிடைப்பது அரிது. ஆதலால் இவ்வேலையை மே மாதத்திலேயே செய்துகொள்ளுதல் வேண்டும்.

இழுக்கும் கருவி

எண்ணெய் ஊறிய குடத்தை அடித்து எடுப்பதினும் இழுத்து எடுப்பதே முறை. புல்லர் எனப் பட்டறைகளில் வழங்கும் இரண்டு அல்லது மூன்று கால்களுடைய கருவி இதற்கென உள்ளது. கால்கள் குடத்தின் பின்புறத்தைப் பற்றிக்கொள்ள, நடுத்திருகு அச்சின் முனையை உந்தும். அச்சு முனையில் மரையிருப்பின், நட்டை முனைக்குச் சமமாகத் திருகி வைத்துக்கொண்டு, அதன்மேல் ஒரு தடித்த இரும்புத் தகட்டை இட்டுத் திருகை ஊன்ற வேண்டும். இல்லையேல் மரை கெட்டுவிடும்.

புல்லர் கிடைக்காத ஊரிலும் உள்ளூர்க் கொல்லர் ஒன்று செய்து தரலாம். தடித்த இரும்புப் பட்டை ஒன்றில் நடுவே ஒரு துளையும், குடத்திலுள்ள போல்ட் துளைகளுக்கு நேராக இரண்டு துளைகளும் இட்டு, நீண்ட போல்ட்களாற் பட்டையைக் குடத்துடன் பிணைத்து, நடுத்துளையில் மரையிட்ட பெரிய போல்ட்டால் அச்சை உந்தச் செய்தால் அதுவே புல்லராகும். பட்டை வளையாத பருமன் உடையதாயிருத்தல் இன்றியமையாதது.

திருகைப் பலங்கொண்டமட்டும் இறுக்கிக்கொண்டே போவது தவறு. ஓரளவு இறுக்கமாக்கி நிறுத்தி, திருகின் தலையில் சுத்தியால் ஒரே ஒரு தட்டு தட்டுக. பின்னர்க் கால் சுற்று இறுக்குக, மீண்டும் தட்டுக. அசையாவிடின் அவ்விறுக்கத்திலேயே இரவு முழுவதும் விட்டுவைக்கலாம். காலையில் வந்து பார்க்கும்பொழுது குடம் தானே நழுவி நிற்பதை அனுபவமுள்ள மெக்கானிக்குகள் நன்கறிவர். இறுக்கத்தில் நிற்கும் புல்லருக்கு நேர் எதிரே ஒருவரும் நிற்றல் ஆகாது. கால் நழுவினால் அது பறந்துவந்து தாக்கும்.

வெப்பம்

இவ்வளவும் பயன்படாதபோது வெப்பத்தை நாட வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்திற்குப் பட்டா கட்டுவதைக் கண்ட எவருக்கும் இதன் தத்துவம் புதிதன்று. இரும்புப் பட்டாவை வறட்டித் தீயில் வேகவைத்து விரியச் செய்து, மரச்சக்கரத்தின்மேல் பொருத்தித் தண்ணீர் ஊற்றியவுடன் அது சுருங்கி மரத்தை இறுகக் கவ்விக்கொள்கிறது. இங்கே அதன் மறுதலையைச் செய்கிறோம். வெளியிலுள்ள குடம் சூடாகி விரிய வேண்டும். உள்ளிருக்கும் அச்சு குளிர்ந்தே இருக்க வேண்டும்.

40 மில்லிமீட்டர் துளையுள்ள ஒரு குடம், அச்சைவிட 150 டிகிரி சென்டிகிரேடு அதிகமாகச் சூடேறுமாயின், துளை ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் விரியும். இது தலைமயிர் ஒன்றின் பருமனே ஆயினும், துருவின் பிடியை அறுக்க இது போதும். ஆகவே குடத்தைச் செந்நிறமாகக் காய்ச்ச வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை. வெப்ப அளவைக் காட்டும் கருவி இல்லாவிடத்தில் நீர்த்துளியே போதுமானது. குடத்தின்மேல் தெளித்த துளி அவ்விடத்திலேயே கொதித்து மறையுமாயின் 100 டிகிரியைக் கடந்துவிட்டது. துளி முத்துப்போல் உருண்டு ஓடுமாயின் 200 டிகிரியை நெருங்கிவிட்டது. அப்பொழுது சுவாலையை அகற்றிவிட வேண்டும். துலக்கிய எஃகு சுமார் 220 டிகிரியில் வைக்கோல் நிறமும், 300 டிகிரியில் நீல நிறமும் காட்டும். அச்சில் நீலநிறம் தோன்றிவிட்டால், அதற்குப் பதமிட்டுக் கொடுக்கப்பட்ட உறுதி குறைந்துவிட்டதென அறிக.

சுவாலை பெரிதாகவும் விரைவாகவும் இருத்தல் நலம். சிறு சுவாலையில் நெடுநேரம் காய்ச்சினால் வெப்பம் அச்சுக்கும் பரவி இரண்டும் சேர்ந்தே விரியும்; பயனொன்றும் இராது. கேஸ் வெல்டிங் சுவாலையை ஒரே இடத்தில் நிறுத்தாமல் குடத்தைச் சுற்றிலும் வட்டமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அதன் நுனியின் வெப்பம் 3000 டிகிரியை எட்டுவதாகலின், ஓரிடத்தில் நின்றால் வார்ப்பிரும்பு வெடிக்கும். கியர்ப் பெட்டியின் பக்கமுள்ள ஆயில் சீல் ரப்பராலானது. ஈரச் சாக்கை அப்பக்கம் சுற்றி அதனைக் காக்க வேண்டும். சூடேறிய குடத்தின்மேல் தண்ணீர் ஊற்றுதல் அறவே கூடாது. புல்லரை முன்னரே இறுக்கி வைத்திருந்து, சூடேறிய அந்நிமிஷத்திலேயே திருகைத் திருப்ப வேண்டும். முதன்முறை வராவிடின், தானே ஆறவிட்டு மறுபடியும் காய்ச்சுக. வெளிவாயில் மெழுகுவர்த்தியை வைத்தால் உருகிய மெழுகு சூட்டினால் சந்துக்குள் இழுக்கப்படும். இஃது எண்ணெயினும் நன்றாக உட்செல்வதைப் பலர் கண்டிருக்கின்றனர். மூன்று முறை காய்ச்சி ஆறவிட்டால் வாராத குடம் அரிது.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகள் மறக்கத்தகாதன. முன்னர் ஊற்றிய மண்ணெண்ணெயை முற்றும் துடைத்து உலரச் செய்யாமல் நெருப்பை அருகில் கொணரலாகாது. மற்றொன்று உயிருக்கே இறுதி விளைக்கக்கூடியது. டயர் பூட்டியிருக்கும் சக்கரத்தையோ, அதன் நட்டுக்களையோ ஒருபொழுதும் சுவாலையால் காய்ச்சலாகாது. காற்றை இறக்கிவிட்டோம் என்ற நம்பிக்கையும் போதாது. உள்ளே மிகுந்த சூட்டினால் ரப்பர் சிதைந்து எரியும் வாயுவை வெளியிட, அது பற்றி டயர் குண்டுபோல் வெடிக்கும். டயரை ரிம்மிலிருந்து கழற்றிய பின்னரே நெருப்பு. டயர் பூட்டிய டிராக்டர்ச் சக்கரத்தின் தட்டு மட்டுமே துருவால் ஒட்டியிருப்பின், நட்டுக்களை இரண்டு சுற்றுத் தளர்த்தி, பாரத்தைச் சக்கரத்தின்மேல் இறக்கி, டிராக்டரைச் சில அங்குலம் முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தினாலே அது விட்டுக்கொடுக்கும்; நெருப்புக்கு அங்கு வேலையில்லை.

டிராக்டரின் உள்ளச்சும் ஜீப்பின் சரிவு அச்சும்

டிராக்டரில் அச்சுத்தண்டையே வெளியில் இழுக்க வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு; ஆயில் சீல் கசிந்து பிரேக்கில் எண்ணெய் இறங்குவது அவற்றுள் முதன்மையானது. இதில் பலத்தினும் அறிவே முக்கியம். அச்சின் வெளிமுனையில் பேரிங்கைப் பிடித்திருக்கும் தகட்டின் போல்ட்களை எல்லாம் எடுத்த பின்னரும் தண்டு வாராவிடின், அது துருவினால் இறுகியது என உடனே முடிவு கட்டக்கூடாது. சில வகைகளில் உள்முனையில் ஒரு வளையமோ போல்ட்டோ தண்டைப் பிடித்திருக்கும். அதனை உள்ளிருந்து எடுக்காமல் எத்துணைபேர் இழுப்பினும் வராது, வந்தால் உடைந்தே வரும். ஆகையால் யந்திரத்துடன் கொடுக்கப்பட்ட கைப்புத்தகத்தின் படத்தை முதலில் நோக்குக. எண்ணெயை வடித்த பின்பு, தண்டின் தட்டில் நீண்ட கம்பியொன்றைப் பிணைத்து, அக்கம்பியில் ஓடும் கனத்த இரும்புக் குண்டை வெளிநோக்கி வீசி அடித்தால் பேரிங் தன் இருக்கையைவிட்டு வெளிவரும். தண்டு முறிந்து அதன் உட்துண்டு தங்கிவிடின், மறுபக்கத்துத் தண்டையும் எடுத்து, அவ்வழியே நீண்ட கம்பியால் தள்ளலாம். நடுவே டிஃபரன்ஷியலின் குறுக்கு முளை தடுக்கும் வகைகளில் பெட்டியைத் திறப்பதே வழி.

மஹிந்திரா நிறுவனத்தார் 1947ஆம் ஆண்டுமுதல் பூட்டி விற்கத் தொடங்கிய ஜீப் வண்டிகள் இன்றும் சில பண்ணைகளில் ஓடுகின்றன. அவ்வகைப் பழைய வண்டிகள் பலவற்றின் பின்னச்சு முனை கூம்புபோல் சரிந்து, குடம் அதன்மேல் ஆப்புப்போல் இறங்கி நிற்கும். இங்கே இழுவை பெரும்பலம் கொண்டதாயிருக்க வேண்டும். விடும்பொழுதும் வெடிச்சத்தத்துடன் விடும். அச்சு நட்டை முழுவதும் எடுத்துவிடாமல் சில மரைகளில் நிற்கவிட்டால், குடம் பறந்து ஆளைத் தாக்காது. நட்டைத் தளர்த்திவிட்டு வண்டியைத் தெருவில் வளைத்து வளைத்து ஓட்டிக் குடத்தை விடுவிப்போர் உளர். குடம் விடுவது உண்மையே. சக்கரமும் உடன் விட்டுப்போனால் யார் பொறுப்பு என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

மீண்டும் பூட்டுதல்

கழற்றிய அச்சையும் துளையையும் உப்புத்தாளால் துருப்போகத் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைக்க வேண்டும். அச்சில் குழி விழுந்திருப்பினும், சாவிக்கட்டையின் பள்ளம் அகன்றிருப்பினும் கடைசல் பட்டறையில் காட்டிச் சரிசெய்து கொள்வதே சிக்கனம். முற்காலத்து வண்டிக்காரர் விளக்கெண்ணெயில் வைக்கோற்கரியைக் குழைத்து வண்டிமை செய்து, மூங்கிற்குழாயில் நிரப்பி வண்டியின் அடியில் தொங்கவிட்டிருந்தனர்; அம்மை இடாமல் அவர்கள் நெடுவழி செல்வதில்லை. அத்தொழிலை இன்று கிரீஸ் செய்கிறது. நேரான அச்சில் பூட்டும் குடத்திற்கு உட்புறம் முழுவதும் கிரீஸ் தடவுக. ஜீப்பின் சரிவு அச்சுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. அது உலர்ந்தே இருக்க வேண்டும், மசகிட்டால் குடம் அளவிற்கு மீறி ஏறி வெடிக்கும். பூட்டி ஒருமணி நேரம் உழுத பின் நட்டுக்களை மீண்டும் இறுக்கிப் பார்த்தல் அவசியம்.

தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களின் வாடகை மையங்களிலுள்ள யந்திரங்களுக்கு இக்குறிப்புக்கள் இன்னும் அதிகமாகப் பொருந்தும்; பலர் கை மாறும் யந்திரத்தில் சக்கரத்தை மாற்றிய நாளும் கிரீஸ் இட்ட நாளும் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டாலன்றி ஒருவரும் அதனைக் கவனிப்பதில்லை. கிராம அலுவலர்களும் சங்கச் செயலாளர்களும் மே மாதத்தின் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு யந்திரத்தின் சக்கரமும் கழற்றிப் பூட்டப்பட்டதா எனப் பார்த்துக் கையொப்பமிட்டால், பழுதான யந்திரம் நடவு நாளில் வெளிப்படாது. அங்ஙனம் ஏதேனும் வெளிப்பட்டுவிடின், வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை யந்திரத்தை உழவன் செயலியின் வழியே முன்பதிவு செய்ய முயலலாம். ஆனால் ஊரெங்கும் ஒரே வாரத்தில் உழவு நடக்கையில் முறைக்காகக் காத்திருக்க நேரிடும் என்பதையும் கருதுக.

பருவம் முடிந்து யந்திரத்தை நிறுத்துமுன் நன்னீரால் சேற்றைக் கழுவி, இருபக்கச் சக்கரங்களையும் ஒருமுறை அச்சைவிட்டு எடுத்து, கிரீஸ் தடவி மீண்டும் பூட்டி, மரக்கட்டைகளின்மேல் ஏற்றி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை சக்கரங்களைக் கையால் சில சுற்றுச் சுற்றிவிடுக. மழைக்காலத்தில் இதனைப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை செய்தல் வேண்டும்.